ஊற்றிய தேன் எங்கே போச்சு?

(வாசகர் கேள்வி – பதில்)

பார்லி மால்ட்டில் (முளைகட்டி உலர்த்திய பார்லி) காய்ச்சும் ஏல் பீரில் கொஞ்சம் தேனையும் சேர்த்துப் புளிக்க வைத்தால் அது தேன் ஏல். சென்ற இதழில் இதைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கேள்விகள் எல்லாமே புதுச்சேரி, கடலூர்க்காரர்களுடையவை. ஆனால் எழுதியவர்களில் பலர் இப்போது இருப்பது சிங்கப்பூரிலும் பிரான்சிலும்.

என் வீட்டு அடுப்பில், நானே குடிக்க, பத்தே லிட்டர் காய்ச்சினால் யார் கேட்கப் போகிறார்கள்? கடலூரில் முடியாது என்றால் முள்ளோடை தாண்டிப் புதுச்சேரியில் செய்யலாம்தானே?
– மஞ்சக்குப்பம் வாசகர்

கேட்பார்கள். கடலூரில் இருப்பது 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். பத்து லிட்டரா, பத்து டம்ளரா என்ற பேச்சே இல்லை. முள்ளோடை தாண்டினால் கடைகள் நிறைய வரும், தயாரிக்கும் உரிமை வராது. அங்கே 1970-ஆம் ஆண்டின் புதுச்சேரி கலால் சட்டப்படி உரிமம் வேண்டும்.

சிங்கப்பூரில் நிலைமை வேறு. 18 வயது நிரம்பியவர், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மிகாமல், விற்காமல், சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சிக்கொள்ளலாம். அமெரிக்காவில் 1978-இல் கொண்டுவந்த சட்டம் இதற்கு வழிவிட்டது. பிரான்சிலும் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சுபவர்கள் உண்டு. ஆகவே கீழே வரும் அளவுகள் சட்டம் இடம் கொடுக்கும் ஊர்களில் இருப்பவர்களுக்கு. மஞ்சக்குப்பத்தில் இருந்து செய்யக்கூடியது ஒன்று கடைசியில் இருக்கிறது. அது புளிக்காதது.

20 லிட்டருக்கு 1 கிலோ தேன் ஊற்றினேன். இனிப்பும் இல்லை, தேன் வாசமும் இல்லை, தண்ணீராக இருக்கிறது. எனக்கு விற்றது கலப்படத் தேனா?
– சிங்கப்பூர் வாசகர் (சொந்த ஊர் கடலூர் முதுநகர்)

தேன் மேல் பழி போடுவதற்கு முன் ஈஸ்ட்டைப் பாருங்கள். தேனில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரை. அதில் பெரும்பங்கு ஃப்ரக்டோஸும் குளுக்கோஸும். ஈஸ்ட்டுக்கு இது உரித்த வாழைப்பழம், மிச்சம் வைக்காமல் தின்றுவிடும். மால்ட் அப்படியில்லை. அதிலிருந்து வரும் மாவுப்பொருளில் ஒரு பகுதி டெக்ஸ்ட்ரின், அதை ஈஸ்ட்டால் உடைக்க முடியாது. பீர் நாக்கில் கனமாக நிற்பது அந்த மிச்சத்தால்தான். நீங்கள் போட்ட 1 கிலோ தேன் 20 லிட்டரில் அடர்த்தியை 14 புள்ளி (அதாவது 0.014) ஏற்றியிருக்கும். அத்தனையும் புளித்து, கிட்டத்தட்ட 2 சதவீத ஆல்கஹாலாகி, உடம்பு இல்லாமல் போய்விட்டது. தேன் சேர்த்தால் பீர் இனிக்கும் என்ற எண்ணமே தலைகீழ். தேன் பீரை உலர்த்தும், மெலிய வைக்கும். அதில் நமக்கு மிஞ்சக்கூடியது வாசனை ஒன்றுதான்.

அந்த வாசனையையும் நீங்களே ஆவியாக விட்டிருக்கிறீர்கள். கடிதத்தில் “கொதி வந்ததும் தேனை விட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தேன்” என்று இருக்கிறது. ரசத்தில் கொத்தமல்லித் தழையை முதலிலேயே போட்டுக் கொதிக்க விடுவீர்களா?

தேன் சேர்க்க இரண்டு நேரம் உண்டு. ஒன்று, அடுப்பை அணைத்து, 80 டிகிரிக்கு இறங்கியபின். இன்னொன்று, புளிக்க ஆரம்பித்து மூன்றாம் நாள், நுரை உச்சத்தில் இருக்கும்போது. இரண்டாவதுதான் மேல். முதல் இரண்டு நாள் வேகமாக வெளியேறும் வாயு வாசனையையும் வாரிக்கொண்டு போய்விடும். மூன்றாம் நாள் சேர்த்தால் அந்த இழப்பு குறையும். ஆனால் பச்சைத் தேனை அப்படியே விடாதீர்கள். அதில் காட்டு ஈஸ்ட் இருக்கும். கால் பங்கு வெந்நீர் சேர்த்து இளக்கி, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 70 டிகிரியில் 15 நிமிடம் நிறுத்தி, ஆறவைத்து விடுங்கள். மெல்ல விடவேண்டும். சட்டென்று ஊற்றினால் கரைந்திருக்கும் வாயு ஒரே நேரத்தில் கிளம்பி, பக்கெட் பால் பொங்குவது போலப் பொங்கித் தரையெல்லாம் ஓடும்.

தேனின் அளவு, மால்ட்டும் தேனும் சேர்ந்த மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் போதும். மால்ட்டை ஊறவைக்கும் சூடு 65-இல் இருந்தால் 67–68-க்கு ஏற்றுங்கள், டெக்ஸ்ட்ரின் கூடும். கசப்பைக் குறையுங்கள். வாசனை ஹாப்ஸை (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் காய்ந்த பூ) அள்ளிப் போட்டால் தேன் தலை தூக்காது.

இப்போது கலப்படம். தண்ணீரில் சொட்டுவது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது எல்லாம் நம்பத்தக்க சோதனை அல்ல. கெட்டியான சர்க்கரைப் பாகும் அதில் தேறிவிடும். ஏலுக்கு ஒரே கேள்வி: வெந்நீரில் ஒரு ஸ்பூன் கரைத்து முகர்ந்தால் பூ வாசம் வருகிறதா, வெறும் இனிப்பு நெடியா? மலைத்தேன் போன்ற அழுத்தமான தேன் குறைந்த அளவிலேயே தெரியும். கொசுத்தேனை இதில் கொட்டாதீர்கள். நீர்ச்சத்து அதிகம், புளிப்பு வேறு. அந்த விலைக்கு மருந்தாகவே இருக்கட்டும்.

முதல் தடவை செய்கிறேன். சுற்றி வளைக்காமல் 10 லிட்டருக்கு அளவு சொல்லுங்கள்.
– பாரிஸ் வாசகர் (முத்தியால்பேட்டை)

பேல் மால்ட் 2 கிலோ, வெளிர் கிரிஸ்டல் மால்ட் 100 கிராம், தேன் 300 கிராம். ஈஸ்ட் கென்ட் கோல்டிங் (East Kent Golding) ஹாப்ஸ் (5.5 சதவீத ஆல்ஃபா, அதாவது கசப்புத் தரும் அமிலம்) கசப்புக்கு 15 கிராம், கடைசியில் 8 கிராம். சாஃபேல் யுஎஸ்-05 ஈஸ்ட் 6 கிராம், அதாவது பாக்கெட்டில் பாதி. தண்ணீர் 14.5 லிட்டர்: 10 லிட்டர் கையில் நிற்க, மிச்சம் ஆவியாகவும் மால்ட் குடிக்கவும்.

மால்ட்டை உமி கிழியாமல், உள்ளிருக்கும் பருப்பு மட்டும் நாலைந்தாக உடையும்படி அரைக்கவேண்டும். கடையிலேயே உருளை மில்லில் அரைத்துத் தரச் சொல்லுங்கள். மிக்ஸியில் போட்டால் பாதி மாவாகி, உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும். பெரிய பாத்திரத்தில் முழுத் தண்ணீரையும் 69 டிகிரிக்குச் சூடாக்கி, வலைப்பையில் மால்ட்டைப் போட்டு அமிழ்த்திக் கட்டி தட்டாமல் கிளறினால் 67-இல் வந்து நிற்கும். உங்கள் பாரிஸ் அறையில் மால்ட் 18 டிகிரியில் இருந்தால் தண்ணீர் 70 வேண்டும். மூடி, கம்பளி சுற்றி 60 நிமிடம். ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத் தட்டில் விட்டு, மருந்துக்கடை டிங்க்சர் அயோடின் ஒரு துளி தொடுங்கள். கருநீலம் ஆனால் மாவு இன்னும் சர்க்கரை ஆகவில்லை, இன்னொரு 15 நிமிடம் விடுங்கள். அயோடின் தன் நிறத்திலேயே நின்றால் பையைத் தூக்கி வடிய விடலாம். அயோடின் தொட்டதைக் கொட்டிவிடுங்கள், பாத்திரத்தில் திரும்ப விடவேண்டாம்.

இப்போது கையில் இருப்பது வோர்ட். இதற்கு ஊறல் என்று நல்ல தமிழ்ச் சொல் இருந்தாலும் அதைக் கேட்டாலே போலீஸ் செய்திதான் நினைவுக்கு வருகிறது; வோர்ட் என்றே இருக்கட்டும். கொதி வந்து, முதல் நுரை அடங்கியபின் 15 கிராம் ஹாப்ஸ். 50 நிமிடம் கழித்து 8 கிராம். மொத்தம் 60 நிமிடம், மூடியில்லாமல். மூடினால் வேகவைத்த சோளத்தின் வாடையைத் தரும் கந்தகச் சேர்மம் ஆவியோடு போகாமல் உள்ளேயே வடிந்துவிடும்.

அணைத்ததும் ஆறவைப்பது. பாரிஸில் குழாய்த் தண்ணீரே குளிர்ச்சி. சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீர் 30 டிகிரி, அதனால் முதலில் தண்ணீர்த் தொட்டியில் 45 வரை இறக்கி, பிறகு 4 கிலோ ஐஸைத் துறைமுகத்தில் மீனுக்குப் போடுகிற மாதிரி நொறுக்கிப் பாத்திரத்தைச் சுற்றிப் போடுங்கள். ஐஸ் வெளியேதான், உள்ளே ஒரு சில் கூட விழக்கூடாது. 20 டிகிரிக்கு வந்ததும் 15 லிட்டர் பக்கெட்டில் உயரத்திலிருந்து ஊற்றுங்கள், காற்று கலக்கட்டும். ஈஸ்ட்டைத் தூவி, ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) மாட்டுங்கள்.

ஹைட்ரோமீட்டர் (அடர்த்தி அளக்கும் மிதவை) தொடக்க அடர்த்தியை 1.044 அருகே காட்டும். மூன்றாம் நாள் 300 கிராம் தேன் சேர்ப்பதால், நோட்டில் அதோடு 0.008 கூட்டி 1.052 என்று எழுதிக்கொள்ளுங்கள். இதை மறப்பவர்கள்தான் “என் பீரில் 4.5 சதவீதம்தான்” என்று இரண்டு டம்ளர் கூடக் குடிக்கிறார்கள். முடிவில் 1.010 வந்தால், வித்தியாசம் 0.042-ஐ 131-ஆல் பெருக்க 5.5 சதவீதம்.

அடுப்பிலிருந்து இறங்கியபின் வோர்ட்டைத் தொடும் எல்லாமே கிருமிநீக்கம் ஆகியிருக்கவேண்டும். ஸ்டார் சான் என்ற கிருமிநீக்கி லிட்டர் தண்ணீருக்கு 1.5 மில்லி, 2 நிமிடம் நனைந்தால் போதும், அலசவேண்டாம். பிளீச்சிங் தண்ணீர் வேண்டாம். குளோரின் துளி தங்கினாலும் மால்ட்டோடு சேர்ந்து பேண்ட்-எய்ட் வாசம் கொடுக்கும், அது எத்தனை மாதம் ஆனாலும் போகாது.

அறை 31 டிகிரி. பீரில் பெயிண்ட் தின்னர் நெடி அடிக்கிறது. ஈரத்துணி சுற்றியும் பயனில்லை.
– சிங்கப்பூர், இன்னொரு வாசகர்

அறை 31 என்றால் பக்கெட்டின் உள்ளே 34, 35. புளிப்பதே சூடு கிளப்பும் வேலை. அந்தச் சூட்டில் யுஎஸ்-05 அவசரத்தில் ஓடி, கனமான ஆல்கஹால்களையும் எத்தில் அசிடேட்டையும் விட்டுப் போகும். நெடிக்குக் காரணம் அதுதான். கடலோர ஈரப்பதத்தில் ஈரத்துணி காயவே காயாது, காயாவிட்டால் குளிர்ச்சி ஏது? அது மதுரைப் பக்கத்து வெயிலுக்குச் சரி.

பக்கெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் நிற்க வைத்து, உறைய வைத்த 1 லிட்டர் பாட்டில்களை காலை மாலை மாற்றுங்கள். முதல் 4 நாள் 20 டிகிரியைப் பிடித்தால் பாதி வெற்றி. நெடிக்கான பொருள்கள் பெரும்பாலும் உண்டாவது அப்போதுதான். பழைய ஃப்ரிட்ஜும் ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலரும் கிடைத்தால் இன்னும் நிம்மதி. இரண்டும் இல்லை என்றால் சூட்டோடு சண்டை போடாமல் ஈஸ்ட்டை மாற்றுங்கள். நார்வே நாட்டுப் பண்ணைகளின் க்வெய்க் வகையில் ‘வாஸ்’ என்பது 35–40 டிகிரியில்தான் சிறப்பாக வேலை செய்யும். ஆரஞ்சுத் தோல் வாசம் தரும், தேனோடு ஒத்துப்போகும்.

மரக்காணத்தில் நடந்த மாதிரி வீட்டு பீரிலும் விஷம் உண்டாகுமா?
– திருப்பாதிரிப்புலியூர் வாசகர்

2023 மே மாதம் மரக்காணத்திலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைக் குடித்தது மெத்தனால். தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான ரசாயனம் அது. சாராயம் என்று சொல்லி விற்கப்பட்டது. மால்ட்டும் தேனும் புளிக்கும்போது அப்படிக் கொல்லும் அளவு மெத்தனால் உண்டாவதில்லை. ஆனால் புளித்ததைக் காய்ச்சி வடிப்பது வேறு சங்கதி. வீட்டில் பீர் காய்ச்ச இடம் கொடுக்கும் சிங்கப்பூரிலும் அதற்கு அனுமதி இல்லை. அது பற்றி இந்தப் பகுதியில் எந்தக் கேள்விக்கும் பதில் வராது.

பாட்டிலில் அடைத்த பத்தாம் நாள் மூன்று பாட்டில் வெடித்தது. சர்க்கரைக்குப் பதில் தேன் போட்டதாலா?
– காரைக்கால் வாசகர், பிரான்சிலிருந்து

தேன் பாதி, அவசரம் பாதி. “ஏர்லாக்கில் குமிழி நின்றதும் அடைத்தேன்” என்கிறீர்கள். குமிழி சாட்சி ஆகாது. ஹைட்ரோமீட்டரில் மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து, இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால்தான் புளித்து முடிந்தது. வெப்பநாட்டு வாசகர்கள் இன்னொன்றும் பார்க்கவேண்டும். ஹைட்ரோமீட்டர் 20 டிகிரிக்கு அளவிட்டது; 30 டிகிரி பீரில் 0.0025 குறைத்துக் காட்டும். 1.008 என்று தெரிந்தால் உண்மையில் 1.010-க்கு மேல்.

வாயுவுக்கு வெள்ளைச் சர்க்கரையே போதும். 20 டிகிரியில் புளித்த பீருக்கு லிட்டருக்கு 6 கிராம், 30 டிகிரி என்றால் 6.5. சூடான பீரில் கரைந்து தங்கியிருக்கும் வாயு குறைவு, அதனால் அந்த அரை கிராம். தேன்தான் வேண்டும் என்றால் 20 டிகிரிக்கு லிட்டருக்கு 7.5 கிராம் வரும். ஆனால் நீர்ச்சத்து தேனுக்குத் தேன் மாறும், கணக்கு பிசகும், இத்தனை சின்ன அளவில் வாசமும் வராது. பாட்டில் பாட்டிலாக ஸ்பூனால் போடாதீர்கள். மொத்தச் சர்க்கரையையும் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்க வைத்து, அடைக்கும் பக்கெட்டில் முதலில் ஊற்றி, அதன்மேல் பீரை இறக்குங்கள். ஒரே ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலையும் கூடவே நிரப்பி வையுங்கள். அது கல் மாதிரி இறுகினால் எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜுக்கு மாற்றும் நேரம். மிச்சம் இருக்கும் பாட்டில்களைத் துணி போர்த்தித்தான் தொடவேண்டும்.

ரொட்டி ஈஸ்ட் போடலாமா? மளிகைக்கடை பார்லி? – லாஸ்பேட்டை வாசகர்

ரொட்டி ஈஸ்ட் புளிக்கும், ஆனால் அடியில் படியாது, மாவு வாசம் போகாது. மளிகைக்கடை பார்லி உமியும் முளையும் நீக்கிப் பாலிஷ் போட்டது. முளைக்காது, முளைக்காததில் மாவைச் சர்க்கரையாக்கும் என்சைம் போதாது. குழைய வேகவைத்து மால்ட்டோடு பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் மட்டும் சரிப்படும்.

கலங்கலாகவே இருக்கிறது. – பாரிஸ், இன்னொருவர்

ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் நிற்க வைத்து, அடி வண்டல் அசையாமல் ஊற்றுங்கள். மதுவுக்குத் தமிழில் இருக்கும் ‘தேறல்’ என்ற பழைய சொல்லே தேறியது, அதாவது தெளிந்தது என்றுதான் பொருள்படும். பொறுமை இல்லாதவருக்கு அந்தப் பெயர் கிடைக்காது.

நண்பர்கள் ஐந்து பேர் ரெசிபியைப் பரிமாறிக்கொள்கிறோம். ஒருவருடையது இன்னொருவர் வீட்டில் வரவே மாட்டேன் என்கிறது. ஏன்?
– சிங்கப்பூர் வாசகர் (அரியாங்குப்பம்)

நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்தோம்: “மால்ட் 9 பவுண்டு, தேன் ஒரு கப், ஹாப்ஸ் 1 அவுன்ஸ், 5 கேலன்.” இது பாட்டி சொல்லும் ‘ஒரு கை உப்பு’ மாதிரி. பாட்டியின் கை நமக்கு இருந்தால் வரும்.

முதலில் கேலன். அமெரிக்க 5 கேலன் 18.9 லிட்டர், பிரிட்டிஷ் 5 கேலன் 22.7 லிட்டர். அமெரிக்கக் கணக்கில் எழுதியதைப் பிரிட்டிஷ் கேலனாக நினைத்துத் தண்ணீர் விட்டால் 1.052 வரவேண்டியது 1.043-இல் நிற்கும். எல்லாவற்றையும் கிலோ, கிராம், லிட்டரில் எழுதுங்கள். தேன் கப்பில் அல்ல, தராசில்.

அடுத்தது ஹாப்ஸ். எத்தனை கிராம் என்பதைவிட ஆல்ஃபா எத்தனை சதவீதம் என்பதுதான் முக்கியம், அது அறுவடைக்கு அறுவடை மாறும். மேலே சொன்ன 15 கிராம், 5.5 சதவீதம்: பெருக்கினால் 82. உங்கள் பாக்கெட்டில் 4.2 என்று அச்சடித்திருந்தால் 82-ஐ 4.2-ஆல் வகுத்து 20 கிராம் போடவேண்டும்.

மூன்றாவது, யாரும் எழுதாதது: திறன். மால்ட்டில் இருக்கும் சர்க்கரையில் எத்தனை சதவீதம் உங்கள் பாத்திரத்துக்கு வருகிறது என்பது. மேலே உள்ள அளவு 70 சதவீதத்துக்கு. உங்கள் வீட்டில் 60 தான் வருகிறது என்றால் 2.1 கிலோ மால்ட்டை 2.45 ஆக்குங்கள். தேனை ஏற்றவேண்டாம். தேன் யார் வீட்டிலும் முழுதாகக் கரையும், அதற்குத் திறன் கணக்கே கிடையாது. மால்ட்டோடு தேனையும் சேர்த்து ஏற்றுவதுதான் தேன் ஏல் ரெசிபிகள் கைமாறும்போது நடக்கும் வழக்கமான தப்பு. தேனை எந்த நாள் சேர்த்தீர்கள், எந்தப் பூத்தேன், ஈஸ்ட் நின்ற சூடு, தொடக்க – முடிவு அடர்த்தி இவற்றையும் எழுதினால் மற்ற நாலு பேரும் உங்களைத் திட்டமாட்டார்கள். மால்ட் எத்தனை நாள் பழசு என்பதும் வேண்டும். ஈரக்காற்றில் திறந்து வைத்த மால்ட் கடித்தால் நறுக்கென்று உடையாது, பொரி நமத்த மாதிரி இருக்கும். அதை வைத்துக்கொண்டு ரெசிபியைக் குறை சொல்லாதீர்கள்.

இங்கேயே இருப்பவர்களுக்கு? – மஞ்சக்குப்பம், லாஸ்பேட்டை வாசகர்கள்

இஞ்சி 100 கிராம் தோல் சீவித் தட்டி, அரை லிட்டர் தண்ணீரில் 15 நிமிடம் கொதிக்க விடுங்கள். அணைத்ததும் நார்த்தங்காயின் பச்சைத் தோல் இரண்டு கீற்று போட்டு 5 நிமிடம் மூடி வடிகட்டினால் ஹாப்ஸின் கசப்புக்கு ஈடாக ஒன்று கிடைக்கும். அதற்கு மேல் ஊறினால் மருந்தாகிவிடும். கை பொறுக்கும் சூட்டில் தேன் 250 கிராம், ஆறியபின் எலுமிச்சைச் சாறு 60 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு. இதில் ஈஸ்ட் சேர்ப்பதில்லை, ஆகவே சட்டச் சிக்கலும் இல்லை. ஆனால் வெளியே வைத்தால் காட்டு ஈஸ்ட் தானாக வந்து குடியேறும்; ஃப்ரிட்ஜில் வைத்து 5 நாளில் முடித்துவிடுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் சேர்த்த எதுவும் கூடாது. ஒரு பங்கு பாகுக்கு நாலு பங்கு சோடா, நன்றாகக் குளிர்ந்தது. பாகை முதலில் டம்ளரில் விட்டு, சோடாவை ஓரமாகச் சரித்து ஊற்றுங்கள். ஸ்பூன் போட்டுக் கலக்கினால் நுரை போய்விடும்.